ரிஸ்லா துண்டு எழுதுவதில்லை

பாலசுந்தரம் முதன்முதலாக ரிஸ்லாவின் அறைக்கு வந்த நாளில் மூன்றே மூன்று சொற்கள்தான் பேசினார். மிச்சமெல்லாவற்றையும் அவருடைய மகள் சுபோதினி பேசினாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அந்த மருத்துவ நிலையம். நான்கு அறைகள். மூன்றில் வைத்தியர்கள் மாறி மாறி வந்து போவார்கள். நான்காவது, சன்னலோரத்துச் சின்ன அறை, வாரத்தில் மூன்று நாள் ரிஸ்லாவுக்கு. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். முப்பத்து நான்கு வயது. உளவியலில் பட்டம், அதற்கு மேல் பட்டம், ஆஸ்பத்திரி வார்டுகளில் பயிற்சி என்று பதினொரு வருடம் படித்தவள்.

"அம்மா போய் ஒண்டரை வருசம், மிஸ்," என்றாள் சுபோதினி. காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை செய்பவள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "முதல் ஒரு வருசம் சமாளிச்சார். கோயிலுக்குப் போவார், பின்னேரத்தில கடற்கரைப் பக்கம் நடப்பார். இப்ப ஆறு மாசமா ஒண்டுமில்ல. பேப்பர் பாக்கிறேல்ல. ஆரோடையும் கதைக்கிறேல்ல. கூப்பிட்டாலும் முகத்தில ஒரு அசைவு இல்ல."

பாலசுந்தரம் கதிரையில் நேராக இருந்தார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தது. அறுபத்தெட்டு வயது. புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும், தமிழில் கேட்டதை ஆங்கிலத்திலும் நின்ற நிலையில் சொல்லக்கூடியவர்.

"ஐயா, உங்கட மகள் சொல்றது சரிதானா?"

"ஓம்."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

மகளைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சாக வேண்டும் போல் நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்டாள். அவர் அவளுடைய கண்ணைப் பார்த்து, "இல்லை" என்றார். அது மூன்றாவது சொல்.

சுபோதினி திரும்பி வந்ததும் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயத்தமானாள்.

"அப்ப ஒரு நல்ல துண்டா எழுதித் தாங்கோ, மிஸ். நித்திரையும் வரவேணும், மனமும் தெளிய வேணும். கீழ பாமசியில வாங்கிக்கொண்டு போறன்."

"எனக்கு மருந்து எழுத ஏலாது," என்றாள் ரிஸ்லா. "நான் உளவியலாளர். மருந்துத் துண்டு எழுதுறதுக்குப் பதிவான வைத்தியர்மாருக்குத்தான் சட்டம் இடம் குடுக்குது."

"போனில கேக்கேக்க டொக்டர் எண்டுதானே சொன்னவை?"

"அப்படிச் சொல்லியிருந்தா அது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"என்ர சிநேகிதி அமெரிக்காவில இருக்கிறா. அங்க உங்களை மாதிரி ஆக்களும் எழுதுகினமாம்."

"அங்கயும் சில மாநிலங்கள்ல மட்டும்தான். அதுக்கெண்டு தனியாப் படிச்சுப் பரீட்சை எழுதினவங்களுக்கு. இங்க அப்படி இல்ல."

சுபோதினி கைப்பையை மூடினாள். "அப்ப நாங்கள் என்னத்துக்கு வந்தனாங்கள்?"

இந்தக் கேள்வி ரிஸ்லாவுக்குப் புதிதல்ல. ஒரு கல்யாண வீட்டில் மாமி ஒருத்தி, பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பிரியாணிச் சகனுக்கு முன்னால் இருந்துகொண்டு, "பெனடோல் கூட எழுத ஏலாதா மகள்? அப்ப என்னத்தப் படிச்ச?" என்று கேட்டு, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் முகம் சிவந்தது.

"மூணு கிழமை தாங்க," என்றாள் சுபோதினியிடம். "கதைச்சுப் பாக்குறேன். முன்னேற்றம் இல்லாட்டி நானே மனநல வைத்தியருக்குக் கடிதம் எழுதித் தருவேன். இப்ப ஐயா என்னென்ன மருந்து எடுக்கிறார்?"

"பிரஷருக்கு ஒண்டு. கொலஸ்ட்ரோலுக்கு ஒண்டு. அவ்வளவுதான்."

ரிஸ்லா அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துப் பாலசுந்தரத்திடம் கொடுத்தாள். தினமும் பின்னேரம் நான்கைந்து வரி எழுத வேண்டும். அன்று என்ன செய்தார், யாரைக் கண்டார், மனம் எவ்வளவு பாரமாக இருந்தது. அவர் கொப்பியை வாங்கி, சட்டத்துறைக்காரரின் பழக்கத்தில், மட்டையில் தன் பெயரையும் திகதியையும் எழுதினார்.

அன்று பின்னேரம் நிலையத்தின் உரிமையாளர் ராசிக் அவளுடைய அறைக்கு வந்தார். ஊழியர்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற அவர் கெட்ட மனிதரல்ல. பெருநாளுக்கு எல்லா ஊழியருக்கும் வட்டிலப்பம் அனுப்புகிறவர். ஆனால் அவருக்கு நிலையம் நடக்க வேண்டும்.

"ரிஸ்லா, இந்த மாசம் அஞ்சு பேர் உங்கட ரூமுல இருந்து எறங்கி நேரா வேற எடத்துக்குப் போயிட்டாங்க. மருந்து இல்லாட்டி சனம் நம்புறாங்க இல்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "பாருங்க. பின்னேரம் வாற டொக்டர்ட கையெழுத்தும் சீலும் எல்லாத் தாள்லயும் ஈக்கிது. மேல நீங்க எழுதுங்க. மருந்து உங்களுக்கும் தெரியும்தானே?"

தெரியும். அதுதான் தொல்லை. மனச்சோர்வுக்கான மருந்துகளின் பெயர்கள், அளவுகள், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் அவள் படித்திருந்தாள். வார்டில் வைத்தியர்கள் எழுதியதை நான்கு வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். பாலசுந்தரத்தின் அசையாத முகம் நினைவுக்கு வந்தது. ஒரு வரி எழுதினால் சுபோதினி சந்தோஷமாகப் படியிறங்குவாள்.

அவள் புத்தகத்தை எடுத்து ராசிக்கின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் நானா. நாளைக்கு ஒருத்தருக்கு ஏதும் ஆனா, அதுல ஈக்கிற எழுத்து என்ட, கையெழுத்து அவர்ட. அந்த மனுசன் யாரைப் புடிச்சுக் கேக்குறது? இதை டொக்டருக்கே குடுத்துக் கிழிக்கச் சொல்லுங்க. என்ட மேசைல வெச்சா நான் இங்க வேலை செய்ய மாட்டேன்."

ராசிக்குக்கு முகம் கறுத்தது. "அப்ப வெள்ளிக்கிழமை நேரத்தை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும்."

"சரி நானா."

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, புறக்கோட்டை வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனாள். செய்தது சரி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதருக்கு உண்மையிலேயே மருந்து தேவைப்பட்டால்? மூன்று கிழமை தவணை கேட்டதுதான் பிழையோ? மனநல வைத்தியருக்கான கடிதத்தை அன்றைக்கே அரைவாசி எழுதி வைத்துக்கொண்டாள்.

பாலசுந்தரம் ஒவ்வொரு புதன்கிழமையும் மகளோடு வந்தார். பேச்சு கூடவில்லை. கேட்ட கேள்விக்கு, கொஞ்சம் தாமதித்து, ஒற்றை வார்த்தையில் பதில் வரும். கொப்பியைத் தவறாமல் கொண்டுவருவார். ரிஸ்லா அதில் எழுதியிருந்ததை வாசிப்பாள். "காலையில் தேநீர். சன்னலோரம் இருந்தேன். யாரையும் காணவில்லை. பாரம் உண்டு." ஏறக்குறைய எல்லா நாளும் அதுதான்.

நான்காவது புதன்கிழமை அவள் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்தாள். பாதியில் கை நின்றது. முன்னே போனாள், பின்னே வந்தாள்.

மட்டையில் பெயர் பெரிதாக, உருண்டையாக, ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதியது போல இருந்தது. உள்ளே ஒவ்வொரு நாளும் முதல் வரி ஓரளவு பெரிதாகத் தொடங்கி, கடைசி வரியில் எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்திருந்தது. கிழமைக்குக் கிழமை அது கூடிக்கொண்டே வந்திருந்தது. கடைசிப் பக்கத்தை வாசிக்க அவள் சன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. மூன்று கிழமையாக எழுதியிருந்ததை வாசித்தாளே தவிர, எழுத்தைப் பார்க்கவில்லை.

துக்கத்தில் மனிதர் எழுதாமல் விடுவார்கள். துக்கத்தில் எழுத்து இப்படிச் சிறுத்துக்கொண்டு போவதை அவள் கண்டதில்லை. வேறு இடத்தில் கண்டிருக்கிறாள், நரம்பியல் வார்டில்.

"ஐயா, ஒருக்கா வெளியால அந்தக் கதவு வரை நடந்து வாறீங்களா?"

அவர் நடந்தார். சின்னச் சின்ன அடிகள். வலது கை ஆடியது. இடது கை பக்கத்தில் ஒட்டியபடியே இருந்தது. திரும்பும்போது நான்கைந்து அடி வைத்துத்தான் திரும்பினார்.

"சுபோதினி, ஐயா வாயில போடுற எல்லாமும் எனக்குத் தெரிய வேணும். மருந்து, கஷாயம், விட்டமின், எல்லாம்."

"சொன்னனான்தானே மிஸ், பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும்தான்."

பாலசுந்தரம் மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு குளிசை மட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "தலைச்சுத்துக்கு," என்றார்.

"ஐயோ அப்பா, அது மருந்து இல்லையே," என்றாள் சுபோதினி. "தலை சுத்தாமல் இருக்கிறதுக்குப் போடுறது, மிஸ்."

மட்டையோடு நான்காக மடித்த ஒரு துண்டும் இருந்தது. மடிப்பில் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முந்திய திகதி. டொக்டர் நாகேந்திரம் என்ற பொது வைத்திய நிபுணரின் கையெழுத்து. இரவில் ஒன்று, ஒரு மாதத்துக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. தலைச்சுற்று நின்றுவிட்டது. குளிசையை நிறுத்தினால் திரும்பவும் வந்துவிடுமோ என்ற பயத்தில் பாலசுந்தரம் அதே துண்டைக் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். திகதியைப் பார்க்காமல் கொடுத்திருக்கிறார்கள்.

எட்டு மாதம் குளிசை. ஆறு மாதமாக இருட்டு. மனைவி இறந்து ஒரு வருடத்துக்குக் கிட்டச் சமாளித்த மனிதர் திடீரென்று ஏன் விழுந்தார் என்று முதல் நாளே அவள் தன் குறிப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"இந்த வகைக் குளிசையை நெடுநாள் எடுத்தா, சிலருக்கு, முக்கியமா வயசானவங்களுக்கு, மனசும் சோர்ந்து கை காலும் இறுகலாம்," என்றாள். "ஐயாவுக்கு அதுதானா எண்டு என்னால சொல்ல ஏலாது. வேற வருத்தமாவும் இருக்கலாம். எழுதின டொக்டர் பாக்க வேணும்."

சுபோதினியின் கை மேசையிலிருந்த மட்டையைப் பறித்தது. "அப்ப இண்டைக்கே நிப்பாட்டுவம். இதைக் குப்பையில போடுறன்."

ரிஸ்லா வாயைத் திறந்தாள். "ஓம், போடுங்க" என்பது நாக்கில் வந்து நின்றது. அவளுக்கு நிச்சயம் போலத்தான் இருந்தது. ஆனால் நிச்சயம் போல இருந்தால் போதாது; அவருடைய இரத்த அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துப் பார்த்தவள் அவள் அல்ல.

"அதையும் நான் சொல்ல ஏலாது," என்றாள். "தொடங்கச் சொல்லவும் எனக்கு உரிமை இல்ல, நிப்பாட்டச் சொல்லவும் இல்ல."

"எழுதவும் மாட்டியள், நிப்பாட்டவும் மாட்டியள். அப்ப சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" சுபோதினியின் குரல் உடைந்தது. "எங்கட அப்பா மிஸ் இது!"

"சுபோ. விடு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலசுந்தரம் சொற்களைத் தேடிக் கூட்டுவது தெரிந்தது.

"கோட்டில சாட்சிக்காரன் கேள்வி விளங்காமல் நிப்பான். மறுமொழி எனக்குத் தெரியும். முன்னால கிடக்கிற கடதாசியில இருக்கும். எண்டாலும் நான் சொல்லப்படாது. சொன்னா, அது அவன்ர சாட்சியம் இல்ல." மூச்சு வாங்கினார். "பிள்ளை, டொக்டரிட்ட நீங்களும் வாறியளோ?"

அந்த அறையில் அவர் பேசிய ஆக நீண்ட பேச்சு அது.

"வாறேன் ஐயா. இப்பவே நம்பர் எடுப்பம்."

டொக்டர் நாகேந்திரம் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளர்களைப் பார்க்கிறார் என்றார்கள். இருபத்தாறாம் நம்பர் கிடைத்தது. ரிஸ்லா வீட்டில் இருந்து கடிதத்தை மூன்று தரம் எழுதினாள். முதல் தரம், "இம்மருந்தை நிறுத்துவது நல்லதென நினைக்கிறேன்" என்று ஒரு வரி வந்துவிட்டது. அதை வெட்டினாள். இரண்டாம் தரம் அதே கருத்து வேறு சொல்லில் வந்தது. அதையும் வெட்டினாள். மூன்றாவது கடிதத்தில் கண்டது மட்டும் இருந்தது. குளிசை தொடங்கிய திகதி, பேப்பர் வாசிப்பை விட்ட மாதம், நடையில் கண்டது, முகத்தில் கண்டது. கொப்பியின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பிரதி எடுத்து, பாலசுந்தரத்தின் சம்மதத்தோடு, பின்னால் இணைத்தாள்.

இருபத்தாறாம் நம்பரைக் கூப்பிட்டபோது மணி ஏழு. டொக்டர் நாகேந்திரத்துக்கு அறுபது தாண்டியிருக்கும். முன்னாலிருந்த அட்டையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

"நீர் ஆர்? மற்ற மகளோ?"

"இல்ல டொக்டர். ஐயாவைப் பாக்கிற உளவியலாளர்."

தலை நிமிர்ந்தது. "அப்ப என்ர மருந்தைப் பற்றி எனக்குச் சொல்ல வந்தனீரோ?"

சுபோதினி ரிஸ்லாவைப் பார்த்தாள். ரிஸ்லா கடிதத்தை நீட்டினாள்.

"இல்ல டொக்டர். மருந்தைப் பத்தி என்ன செய்யோணும் எண்டு இதுல ஒரு சொல்லும் இல்ல. அது உங்கட தீர்மானம். நாலு கிழமையா நான் கண்டதை எழுதியிருக்கேன். அதைப் பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

அவர் கடிதத்தை வாங்கினார். ஓட்டமாகப் பார்க்கத் தொடங்கியவர் இரண்டாம் பந்தியில் வேகம் குறைந்தார். கொப்பிப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பழைய துண்டைக் கேட்டு வாங்கினார். தன்னுடைய கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார்.

"ஒரு மாசத்துக்குத்தானே எழுதினனான்!"

"ஓம்," என்றார் பாலசுந்தரம். "பிறகு நிப்பாட்டு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல."

டொக்டர் எழுந்தார். பாலசுந்தரத்தின் முழங்கையை மடக்கி நீட்டினார். மணிக்கட்டைச் சுழற்றினார். அறைக்குள் நடக்கவிட்டார். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். தாதி இரண்டு தரம் கதவைத் திறந்து, வெளியே காத்திருப்பவர்களைக் கண்ணால் காட்டினாள். "இருக்கட்டும்," என்றார்.

கடைசியில் கதிரையில் இருந்து, ஒரு புதுத் துண்டை எடுத்து எழுதினார். அந்தக் குளிசை இன்றோடு நிறுத்தம். இரண்டு கிழமையில் திரும்பவும் வர வேண்டும். நரம்பியல் நிபுணர் ஒருவரும் பார்க்க வேண்டும்.

"இது குளிசையாலதான் எண்டா மெல்ல மெல்லத் திரும்பும். மாசக்கணக்கா எடுக்கும், அவசரப்படாதேங்கோ. திரும்பாட்டி வேற யோசிப்பம்." பிறகு ரிஸ்லாவின் பக்கம் திரும்பினார். "இந்தக் கடிதம் என்னட்ட இருக்கட்டும். நீங்கள் எங்க படிச்சனீங்கள்?"

நீர் என்று தொடங்கியவர் நீங்கள் என்று முடித்ததை ரிஸ்லா கவனித்தாள். படித்த இடத்தைச் சொன்னாள். வெளியே வந்ததும் நடையோரத்துக் கதிரையில் இருந்துவிட்டாள். சுபோதினி பக்கத்தில் வந்திருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் ரிஸ்லாவுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. தன் கையில் இல்லாத ஒன்றுக்காக இத்தனை வருடம் வெட்கப்பட்டிருக்கிறாள். கையில் இருந்தது இவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் மாதம் மாற்றமில்லை. நடுவில் இரண்டு நாள் தலைச்சுற்று வேறு வந்து, சுபோதினி பயந்துபோய் ரிஸ்லாவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள். ரிஸ்லா டொக்டர் நாகேந்திரத்தின் இலக்கத்தை அனுப்பி, உடனே அவருடன் பேச வைத்தாள். ஆறாம் கிழமை பாலசுந்தரம் அறைக்குள் நுழையும்போதே கையில் பேப்பர் இருந்தது.

"இதைப் பாருங்கோ பிள்ளை. அமைச்சர் சிங்களத்தில சொன்னது ஒண்டு. இவங்கள் தமிழில போட்டது இன்னொண்டு. ஒருத்தருக்கும் வெக்கமில்ல."

ரிஸ்லா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். இடது கன்னம் கொஞ்சம் பிந்தித்தான் மேலே போனது. ஆனால் போனது.

நான்காம் மாதம் நரம்பியல் நிபுணர், இது மருந்தின் விளைவுதான், மெல்லக் குறைந்துகொண்டிருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார். அதற்குள் பாலசுந்தரம் கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். ராசிக் ஒருநாள் ரிஸ்லாவின் கதவடியில் நின்று, "டொக்டர் நாகேந்திரம் போன் எடுத்து உங்களப் பத்திக் கேட்டாரு. பெரிய ஆள்," என்றார். போகத் திரும்பியவர், "வெள்ளிக்கிழமையும் வாங்க," என்றார். அந்தத் துண்டுப் புத்தகத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதில் முதல் நாளே ஒரு மருந்தை எழுதியிருந்தால், குளிசைக்கு மேல் ஒரு குளிசை ஏறியிருக்கும், கொப்பியை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை பாலசுந்தரம் தனியாக வந்தார்.

"இனி வரத் தேவையில்ல எண்டு மகள் சொல்லுறா. வருத்தம் குளிசையால வந்ததாம். குளிசையும் நிண்டுட்டுதாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க, ஐயா?"

அவர் கதிரையில் இருந்தார். வெளியே காலி வீதியில் பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன.

"எல்லாம் போகேல்ல, பிள்ளை."

ரிஸ்லா பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்ர மனுசி இரத்தினம்மாவைக் கடைசியா ஆஸ்பத்திரியில வச்சிருக்கேக்க, பெரிய டொக்டர் கட்டிலடிக்கு வந்து இங்கிலீசில சொன்னார். இனிச் செய்ய ஒண்டுமில்ல, கொஞ்ச நாள்தான் எண்டு. மனுசிக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னைப் பாத்து, 'என்னவாம்?' எண்டு கேட்டா." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "உள்ள சின்னப் புண்ணாம், மாறிடுமாம் எண்டு சொன்னன். முப்பத்திரண்டு வருசத்தில கொலைகாரனுக்கும் ஒரு சொல்லு மாத்தினதில்ல. அவவுக்குத்தான் மாத்தினன்."

பத்தொன்பது நாள் கழித்து அவள் இறந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்த தன் ஒரே தங்கச்சியோடு அவளுக்குக் காணிப் பிரச்சினையில் ஏழு வருடமாகப் பேச்சில்லை. வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்குப் போன் எடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் சொன்னாளாம். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பாள்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சுபோவுக்கும் தெரியாது."

ஆறுதல் சொல்ல எத்தனையோ சொற்கள் இருந்தன. ரிஸ்லா எதையும் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க சொன்னதை அவங்க நம்பினாங்களா, ஐயா?"

பாலசுந்தரம் நிமிர்ந்தார். ஒரு சாட்சியின் பதிலை நிறுத்துப் பார்ப்பவர் போல யோசித்தார். "தெரியாது," என்றார். "நான் அவவின்ர முகத்தைப் பாக்கேல்ல. சொல்லிப்போட்டுச் சன்னலைப் பாத்தனான். அவ பிறகு ஒருக்காலும் என்னைத் திருப்பிக் கேக்கேல்ல. ஒருக்காலும்." குரல் இறங்கியது. அவருடைய முகம் முழுவதும் சுருங்கி, கண்ணீர் வந்தது. மாதக்கணக்காக அழவும் முடியாமல் இறுகிக் கிடந்த முகம் அது. ரிஸ்லா டிஷூப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்து வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்படி வெளியே செய்தி அனுப்பினாள்.

இது எந்த மருந்தாலும் வந்ததல்ல. இதற்கு எந்த வைத்தியரும் துண்டு எழுதப் போவதுமில்லை. இதற்காகத்தான் பதினொரு வருடம் படித்தோம் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் பெருமை இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

அவர் அதற்குப் பிறகு ஒன்பது புதன்கிழமை வந்தார். ஐந்தாவதில் சுபோதினியையும் கூட்டிவந்து, அவளுக்கும் சொன்னார். செப்டெம்பரில் ரயில் ஏறி யாழ்ப்பாணம் போய், மனைவியின் தங்கச்சியின் வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் ரிஸ்லா.

"திட்டினா. ஒரு மணித்தியாலம் நிண்டு திட்டினா. பிறகு சோறு போட்டா." அவர் சிரித்தார். இந்த முறை இரண்டு கன்னமும் ஒன்றாகவே மேலே போயின. "மூண்டு நாள் நிண்டுட்டுத்தான் வந்தனான்."

அந்த வருட முடிவில் ஒருநாள், ரிஸ்லா அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. டொக்டர் நாகேந்திரம்.

"ஒரு பொம்பிளைப் பிள்ளையை உங்களிட்ட அனுப்புறன். நெஞ்சு படபடப்பு, நித்திரையில்ல. எல்லாம் சோதிச்சாச்சு. குளிசை குடுத்திருக்கிறன், அது தன்ர வேலையைச் செய்யும். ஆனா அந்தப் பிள்ளை கதைக்க வேணும். அதுக்கு எனக்கு நேரமும் இல்ல, உண்மையைச் சொன்னா, படிப்பும் இல்ல. அது உங்கட வேலை."

ரிஸ்லா கதவைத் திரும்பத் திறந்து, மேசையிலிருந்த நாட்குறிப்பைப் புரட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணி, டொக்டர். எடுக்கிற குளிசை எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க."

"சொல்லுறன்," என்று அவர் சிரித்தார்.

கீழே இறங்கியபோது காலி வீதி அலுவலகம் விட்ட சனத்தால் நிறைந்திருந்தது. புறக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் இருக்க இடமில்லை. ரிஸ்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை என்று ஒவ்வொரு தரிப்பிலும் சனம் ஏறி நெருக்கியது. பக்கத்தில் நின்ற பெண், என்ன சிரிக்கிறாய் என்பது போல அவளைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள்.